வேலை நேரக் குறைப்பும் ஊழியரின் ஒப்பந்த உரிமையும்

குடியியற் கல்வி, வணிகக் கல்வி ஆகிய பாடங்களைக் கற்கும் க.பொ.த. சாதாரண தர மாணவர்க்கானது

இப்பாடத்தைக் கற்றபின் உங்களால்,
- தொழில் ஒப்பந்தம் என்பதை விளக்கவும்,
- வேலை நேரத்தைக் குறைப்பதால் ஊழியர் இழப்பவற்றைக் கணித்துக் காட்டவும்,
- இலங்கையின் தொழிற் சட்டங்கள் ஊழியருக்கு அளிக்கும் பாதுகாப்பை எடுத்துக்கூறவும்,
- உரிமை மீறப்படும்போது எடுக்கவேண்டிய நடவடிக்கைகளை ஒழுங்காகக் கூறவும் முடியும்.

1. அறிமுகம்

மாணவர்களே, மே தினம் ஏன் கொண்டாடப்படுகின்றது என்பதை அறிவீர்கள். 1886ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிக்காகோ நகரில் எட்டு மணி நேர வேலை கேட்டுத் தொழிலாளர் போராடினர். 1919இல் தோற்றம்பெற்ற சர்வதேச தொழில் தாபனம் தனது முதலாவது சமவாயத்திலேயே கைத்தொழில் ஊழியருக்கு நாளொன்றுக்கு 8 மணி, வாரமொன்றுக்கு 48 மணி என வேலை நேரத்துக்கு எல்லை வகுத்தது. அக்காலத்தில் தொழிலாளரின் பிரச்சினை வேலை நேரம் கூடியிருந்தமையாகும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வேலை நேரம் குறையும்போது அதனுடன் சம்பளமும் குறைந்தால் ஊழியரின் குடும்பம் எதனைக் கொண்டு வாழ்வது? முதலாளி நினைத்தவுடன் நேரத்தைக் குறைக்கலாமா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும். பரீட்சை எழுதியபின் உங்களிற் பலர் வேலைக்குச் செல்வீர்கள். ஆகவே இது உங்கள் வாழ்க்கைக்கும் உரிய பாடமாகும்.

2. சம்பவக் கற்கை

பின்வருவது விளக்கத்துக்காக அமைக்கப்பட்ட கற்பனைச் சம்பவமாகும். கவனமாக வாசிக்குக.

கரம்பொன்னைச் சேர்ந்த ஒரு யுவதி யாழ்ப்பாண நகரிலுள்ள புடவைக் கடை ஒன்றில் எட்டு வருடங்களாக வேலை செய்கிறார். நாள்தோறும் காலையில் பேருந்தேறி, வேலணை, அல்லைப்பிட்டி ஊடாகப் பண்ணைப் பாலத்தைக் கடந்து கடைக்குச் செல்வார். அக்கடையில் 18 ஊழியர் உள்ளனர். அவருடைய நியமனக் கடிதத்தில் ஐந்து நாட்கள் 8 மணி நேரமும் ஒரு நாள் 5 மணி நேரமுமாக வாரத்துக்கு 45 மணி நேர வேலை எனவும், மாதச் சம்பளம் எனவும் எழுதப்பட்டுள்ளது. இப்போது அவரது சம்பளம் ரூ. 36,000 ஆகும்.

ஒரு நாள் மாலை முதலாளி அவரை அழைத்து, "பிள்ளை, கடையில ஓட்டம் குறைவு. வாற மாதத்தில இருந்து கிழமைக்கு மூன்று நாள் வந்தால் காணும். சம்பளம் அரைவாசிதான் தருவன்" என்றார். யுவதி மறுமொழி சொல்லாமல் வீடு திரும்பினார். தாயாரோ, "ஒன்றும் கதைக்காதை பிள்ளை, உள்ளதும் போயிடும்" என்றார்.

தாயாரின் அச்சம் நியாயமானது. ஆயினும் அவரது ஆலோசனை சரியானதா? தொடர்ந்து கற்போம்.

3. தொழில் ஒப்பந்தம் என்றால் என்ன?

ஊழியர் தமது உழைப்பை வழங்கவும், முதலாளி அதற்குச் சம்பளம் வழங்கவும் இரு தரப்பினரும் விரும்பிச் செய்துகொள்ளும் உடன்படிக்கையே தொழில் ஒப்பந்தம் ஆகும். இது எழுத்திலோ வாய்மொழியிலோ அமையலாம். நடத்தையினாலும் உருவாகலாம். எழுத்தில் இல்லை என்பதால் ஒப்பந்தமே இல்லை எனக் கருதுவது தவறாகும். எழுத்தில் இருந்தால் நிரூபிப்பது இலகு என்பதே வேறுபாடு.

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி வேலைக்குச் சேரும் தினத்திலேயே ஊழியருக்கு அவரது சேவை நிபந்தனைகள் எழுத்தில் வழங்கப்படல் வேண்டும். நியமனக் கடிதத்தில் பின்வருவன உள்ளனவா என்று பார்க்குக.
- பதவியும் நியமனத்தின் தன்மையும் (நிரந்தரம், தற்காலிகம், தகுதிகாண் காலம்)
- அடிப்படைச் சம்பளமும் படிகளும்
- வேலை நேரமும் வேலை நாட்களும்
- விடுமுறைகள்
- சேவையை முடிவுறுத்தும் முறை

வேலை நேரமும் சம்பளமும் ஒப்பந்தத்தின் முக்கிய நிபந்தனைகளாகும். இருவர் சேர்ந்து கட்டிய ஒப்பந்தத்தை ஒருவர் தனித்து மாற்ற முடியாது. மாற்றுவதற்கு மற்றவரின் சம்மதம் வேண்டும். இதுவே இப்பாடத்தின் அடிப்படைத் தத்துவமாகும்.

எனினும் இரு விடயங்களைக் கவனத்திற் கொள்க.

(அ) சில நியமனக் கடிதங்களில், "தேவைக்கேற்ப வேலை நேரத்தை மாற்றும் உரிமை நிருவாகத்துக்கு உண்டு" என்ற வாசகம் காணப்படும். அத்தகைய கடிதத்தில் ஒப்பமிடுபவர் அந்நிபந்தனைக்கும் உடன்பட்டவராகின்றார். எனவே வாசிக்காமல் ஒப்பமிடலாகாது.

(ஆ) சாதாரண வேலை நேரமும் மேலதிக நேரமும் ஒன்றல்ல. கடை, அலுவலக ஊழியரின் சாதாரண நேரம், உணவு இடைவேளை தவிர, நாளுக்கு 8 மணியும் வாரத்துக்கு 45 மணியுமாகும். அதற்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு சம்பளம் வழங்கப்படல் வேண்டும். மேலதிக நேரம் வாரத்துக்கு 12 மணியை விஞ்சலாகாது. மேலதிக நேர வேலை தருவதாக ஒப்பந்தத்தில் உறுதி கூறப்படாவிடின், அதனை நிறுத்துவது பொதுவாக ஒப்பந்த மீறல் ஆகாது. சாதாரண நேரத்தைக் குறைத்துச் சம்பளத்தை வெட்டுவதே பிரச்சினைக்குரியதாகும்.

4. நேரம் குறைந்தால் வேறு எவை குறையும்?

சம்பளம் மட்டுமே குறையும் எனப் பலர் எண்ணுகின்றனர். சம்பவக் கற்கையில் வரும் யுவதியின் கணக்கைப் பாருங்கள்.

ஊழியர் சேமலாப நிதிக்கு (1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம்) ஊழியர் 8%, முதலாளி 12% செலுத்துதல் வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு (1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம்) முதலாளி 3% செலுத்துதல் வேண்டும். இது ஊழியரின் சம்பளத்திலிருந்து கழிக்கப்படலாகாது.

முன்னர் (சம்பளம் ரூ. 36,000)
- சேமலாப நிதிக்கு ஊழியர் பங்களிப்பு: ரூ. 2,880
- கைக்குக் கிடைப்பது: ரூ. 33,120
- சேமலாப நிதிக்கு முதலாளி பங்களிப்பு: ரூ. 4,320
- சேமலாப நிதியில் சேரும் மொத்தம்: ரூ. 7,200
- நம்பிக்கை நிதியம்: ரூ. 1,080

பின்னர் (சம்பளம் ரூ. 18,000)
- சேமலாப நிதிக்கு ஊழியர் பங்களிப்பு: ரூ. 1,440
- கைக்குக் கிடைப்பது: ரூ. 16,560
- சேமலாப நிதிக்கு முதலாளி பங்களிப்பு: ரூ. 2,160
- சேமலாப நிதியில் சேரும் மொத்தம்: ரூ. 3,600
- நம்பிக்கை நிதியம்: ரூ. 540

அடுத்தது பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைக் கொடுப்பனவுச் சட்டத்தின்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ள நிறுவனத்தில் 5 வருடங்களுக்குக் குறையாது சேவையாற்றி விலகும் மாதச் சம்பள ஊழியருக்கு, பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் வழங்கப்படல் வேண்டும். இது கடைசியாகப் பெற்ற சம்பளத்தைக் கொண்டு கணிக்கப்படும்.

ரூ. 36,000 சம்பளத்தில்: 18,000 × 8 = ரூ. 144,000
ரூ. 18,000 சம்பளத்தில்: 9,000 × 8 = ரூ. 72,000

எட்டு வருடங்களில் பெரும்பகுதி முழு நேரமாக உழைத்தும், கடைசியில் சம்பளம் பாதியானதால் பணிக்கொடையிலும் பாதி போய்விடுகின்றது. முதலாளி ஒரு மாலைப் பொழுதில் சொன்ன வார்த்தை பின்னோக்கி எட்டு வருட உழைப்பையும் தொடுகின்றது. இவ்விடயத்தைப் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை.

இன்னொன்றையும் கணித்துப் பாருங்கள். மூன்று நாட்களில் அவர் செய்யும் வேலை 24 மணி நேரமாகும். 45 மணிக்கு ரூ. 36,000 எனின், அதே விகிதத்தில் 24 மணிக்கு ரூ. 19,200 வரும். முதலாளி தருவதாகச் சொன்னதோ ரூ. 18,000. எனவே நேரம் குறைந்த அளவிலும் கூடுதலாகச் சம்பளம் குறைக்கப்படுகின்றது.

5. சட்டம் தரும் பாதுகாப்பு

(அ) வேலை முடிவுறுத்தற் சட்டம்
1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலையாட்களின் சேவை முடிவுறுத்தல் (விசேட ஏற்பாடுகள்) சட்டம் 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ள தனியார் நிறுவனங்களுக்கு ஏற்புடையது. ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வேறு காரணத்துக்காக ஒருவரை நிறுத்துவதாயின், அவ்வூழியரின் எழுத்து மூலமான முன் சம்மதத்தை அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூலமான முன் அனுமதியைப் பெறுதல் வேண்டும். இப்பாதுகாப்பைப் பெற, முந்திய 12 மாதங்களில் 180 நாட்களாவது வேலை செய்திருத்தல் வேண்டும்.

தற்காலிகமாக வேலை வழங்காது விடுதலும் இச்சட்டத்தின்படி முடிவுறுத்தலில் அடங்கும். "வீட்டில் இரும், வேலை வந்தால் கூப்பிடுகிறோம்" என்று அனுமதியின்றிச் சொல்வது சட்டத்துக்கு முரணானது. வாரத்தில் சில நாட்கள் மட்டும் வேலை தராமை இதில் அடங்குமா என்பது ஒவ்வொரு சம்பவத்தின் விபரங்களைப் பொறுத்தது.

(ஆ) கைத்தொழில் பிணக்குகள் சட்டம்
1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டமாகும். இதன்கீழ் இயங்கும் தொழில் நியாய சபைக்கு, வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஊழியர் ஆறு மாதங்களுக்குள் விண்ணப்பிக்கலாம். இச்சபை நியாயமும் ஒப்புரவும் நோக்கிக் கட்டளை பிறப்பிக்கும்.

தீவகத்துக் கடைகள் பலவற்றில் மூன்று அல்லது நான்கு பேரே வேலை செய்வர். அவர்களுக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது. ஆனால் தொழில் நியாய சபையின் கதவு அவர்களுக்கும் திறந்துள்ளது. ஓர் ஊழியரே உள்ள கடையாயினும் சேமலாப நிதி செலுத்தப்படல் வேண்டும்.

(இ) தேசியக் குறைந்தபட்ச வேதனச் சட்டம்
2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டமாகும். 2025இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி குறைந்தபட்ச மாத வேதனம் 2025 ஏப்பிரல் 1 முதல் ரூ. 27,000 எனவும், 2026 சனவரி 1 முதல் ரூ. 30,000 எனவும் நிர்ணயிக்கப்பட்டது. சட்டம் விதிக்கும் இத்தகைய கீழெல்லையை ஊழியரின் சம்மதத்தைப் பெற்றும் மீற முடியாது.

(ஈ) தொழிற்சங்க உரிமை
தொழிற்சங்கம் அமைக்கவும் அதிற் சேரவும் உள்ள சுதந்திரம் இலங்கை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் உறுதிப்படுத்தப்பட்டுள்ளது. தனியொருவரின் குரலைவிடப் பலரின் குரலுக்கு வலிமை அதிகம்.

6. நாட்டில் நடந்த இரு சம்பவங்கள்

(அ) 2020: முத்தரப்பு உடன்படிக்கை
கொவிட்-19 நோய் பரவியதால் 2020 மார்ச் மாதத்தில் நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் அமுலாக்கப்பட்டது. தொழிற்சாலைகளும் கடைகளும் மூடப்பட்டன. எல்லா ஊழியருக்கும் வேலை வழங்க முதலாளிகளால் இயலவில்லை. இந்நிலையில் அரசு, இலங்கை முதலாளிமார் சம்மேளனம், தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்பினரும் கூடிப் பேசினர். வேலைக்கு அழைக்கப்படாத ஊழியருக்கு 2020 மே, யூன் மாதங்களில் அடிப்படைச் சம்பளத்தின் 50% அல்லது ரூ. 14,500, இவற்றில் எது கூடியதோ அதனை வழங்குவதென உடன்பாடு காணப்பட்டது. பின்னர் இக்காலம் நீடிக்கப்பட்டது.

இதிலிருந்து நாம் கற்பவை யாவை? நாட்டையே முடக்கிய இடரிற்கூட, குறைப்பு என்பது பேச்சுவார்த்தை மூலம் வந்தது. அதற்கு ஒரு கால எல்லை இருந்தது. இதற்குக் கீழே போகக்கூடாது என்ற ஒரு தொகையும் இருந்தது. பேச்சு, காலம், கீழெல்லை ஆகிய மூன்றும் இல்லாத குறைப்பை ஊழியர் கேள்வி கேட்கலாம்.

(ஆ) 2021: மலையகத் தோட்டங்கள்
பெருந்தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2019ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தப்படி ரூ. 700 ஆக இருந்தது. 2021 மார்ச் மாதத்தில் சம்பள நிர்ணய சபையின் தீர்மானம் மூலம் நாட்சம்பளம் ரூ. 1,000 ஆனது. ஆயினும் அதன்பின் பல தோட்டங்களில் வேலை நாட்கள் குறைக்கப்பட்டதாகத் தொழிற்சங்கங்கள் முறையிட்டன.

ஒரு கணக்கைச் செய்து பாருங்கள். ரூ. 700 வீதம் 25 நாட்களுக்கு ரூ. 17,500. ரூ. 1,000 வீதம் 15 நாட்களுக்கு ரூ. 15,000. நாட்சம்பளம் உயர்ந்தும் மாத வருமானம் குறையக்கூடும். ஆகவே சம்பள விகிதத்தை மட்டும் பேசி, வேலை நாட்களை உறுதிப்படுத்தாத ஒப்பந்தம் அரைகுறையானதாகும்.

7. ஊழியர் என்ன செய்தல் வேண்டும்?

"மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி" என்பார்கள். தொழில் ஒப்பந்தத்தில் இது வெறும் பழமொழி அன்று. குறைத்த சம்பளத்தை மறுப்பேதும் கூறாமல் மாதக்கணக்கில் வாங்கிவந்தால், புதிய நிபந்தனைக்கு ஊழியர் நடத்தையினால் உடன்பட்டார் என்று முதலாளி வாதிட இடமுண்டு. ஆகவே தாயார் கூறியவாறு பேசாதிருப்பது பாதுகாப்பன்று. பணிவாகப் பேசுவதும் எழுதுவதுமே பாதுகாப்பு. அதற்கான படிமுறைகள்:

1) நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், சேமலாப நிதிப் பதிவுகள் ஆகியவற்றை ஒன்றுசேர்த்து வைத்தல்.
2) குறைப்புக்கான காரணத்தையும் எவ்வளவு காலத்துக்கு என்பதையும் முதலாளியிடம் மரியாதையாகக் கேட்டல். மாற்று வழிகளையும் முன்வைக்கலாம்.
3) தமது சம்மதமின்மையை எழுத்தில் அறிவித்து, பிரதியொன்றைத் தம்மிடம் வைத்துக்கொள்ளல்.
4) தொடர்ந்து வேலைக்குச் செல்லத் தயாராக இருத்தல். கோபத்தில் இராஜினாமாக் கடிதம் கொடுத்தலாகாது. ஊழியர் தாமாக விலகினார் என்று ஆகிவிட்டால் பின்னர் உரிமை கோருவது கடினமாகும்.
5) தீர்வு கிடைக்காவிடின் யாழ்ப்பாணத்திலுள்ள தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறையிடல். தொழிற்சங்கத்தின் உதவியையும் நாடலாம்.

மாதிரிக் கடிதம்

மதிப்புக்குரிய ஐயா,

எனது வேலை நாட்களையும் சம்பளத்தையும் வரும் மாதத்திலிருந்து குறைப்பதாகத் தாங்கள் வாய்மொழியாக அறிவித்தீர்கள். எனது நியமனக் கடிதத்தின்படி வாரத்துக்கு 45 மணி நேரம் வேலை செய்ய நான் தொடர்ந்தும் தயாராக உள்ளேன். இம்மாற்றத்துக்கு நான் சம்மதிக்கவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவிக்கின்றேன். குறைத்த சம்பளத்தைப் பெற நேர்ந்தாலும் எனது உரிமைகளை விட்டுக்கொடுக்காமலே அதனைப் பெறுவேன். கடையின் சிரமத்தை நான் அறிவேன். இது குறித்துத் தங்களுடன் பேசுவதற்கு ஒரு நேரம் ஒதுக்கித் தருமாறு வேண்டுகின்றேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள ஊழியர்

8. முதலாளியின் பக்கம்

நியாயம் பேசுபவர் இரு பக்கத்தையும் நோக்குதல் வேண்டும். வியாபாரம் படுத்துவிட்டால் கடை மூடப்படும். அப்போது எல்லோருக்கும் வேலை போகும். எனவே சில வேளைகளில் ஊழியர் தாமே குறைப்புக்கு உடன்படலாம். அது தவறன்று. ஆனால் அவ்வாறு உடன்படும்போது, எத்தனை மாதங்களுக்கு என்பதையும், பின்னர் பழைய நிலை திரும்பும் என்பதையும், பணிக்கொடை பழைய சம்பளத்தின்படி கணிக்கப்படும் என்பதையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளல் வேண்டும். விளங்கிக்கொண்டு விரும்பித் தருவதே சம்மதம். பயந்து பேசாதிருப்பது சம்மதம் அன்று.

9. பயிற்சி வினாக்கள்

1. கடை, அலுவலக ஊழியரின் வாராந்தச் சாதாரண வேலை நேரம் (1) 40 மணி (2) 45 மணி (3) 48 மணி (4) 57 மணி
2. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குப் பங்களிப்பவர் யார்? எவ்வளவு வீதம்?
3. மாதச் சம்பளம் ரூ. 40,000 பெறும் ஒருவர் 20 ஊழியர் உள்ள நிறுவனத்தில் 10 வருடங்கள் பூர்த்தியானபின் விலகுகிறார். அவரது பணிக்கொடையைக் கணிக்க.
4. "தொழில் ஒப்பந்தத்தை ஒரு தரப்பினர் தனித்து மாற்ற முடியாது." விளக்குக.
5. சம்பவக் கற்கையில் வரும் யுவதிக்கு நீங்கள் கூறும் ஆலோசனைகள் மூன்றைக் காரணத்துடன் எழுதுக.

விடைக் குறிப்புகள்

1. விடை (2).
2. முதலாளி மட்டும், 3%.
3. 20,000 × 10 = ரூ. 200,000.
4. இரு தரப்புச் சம்மதம், முக்கிய நிபந்தனைகள், மாற்றும் உரிமையை அளிக்கும் வாசகம் இருப்பின் ஏற்படும் நிலை ஆகியன விடையில் இடம்பெறல் வேண்டும்.
5. எழுத்தில் மறுத்தல், இராஜினாமாச் செய்யாதிருத்தல், தொழில் திணைக்களத்தில் முறையிடல் போன்றன. காரணம் கூறாத விடைக்கு முழுப் புள்ளி கிடையாது.

செயற்பாடு

உங்கள் வீட்டில் அல்லது அயலில் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒருவரிடம், "உங்களிடம் நியமனக் கடிதம் இருக்கிறதா? அதில் வேலை நேரம் எழுதப்பட்டிருக்கிறதா?" என்று கேளுங்கள். இல்லை என்றால், இப்பாடத்தில் நீங்கள் கற்றதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். அண்ணாவோ அக்காவோ அக்கடிதத்தைக் கேட்டுப் பெறுவதற்கு உங்கள் வார்த்தை ஒரு தொடக்கமாக அமையலாம்.